கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வருவோரின் மனநிலையைச் செவிலியர் கையாளும் முறை

குழந்தையின்மைச் சிகிச்சைப் பிரிவில் ஊசி போடுவதையும் ஸ்கேனுக்கு ஆயத்தம் செய்வதையும் விரைவில் பழகிக்கொள்ளலாம். கரு தங்கவில்லை என்று தொலைபேசியில் சொல்லப் பழகுவதற்குத்தான் நாளாகும்.

முதல் சந்திப்பிலிருந்தே தம்பதியர் இருவரிடமும் பேசுங்கள். குறை ஆணிடமும் இருக்கக்கூடும் என்றபோதிலும், விந்து மாதிரி கேட்கும் வேளையில் மட்டும் கணவரின் பக்கம் திரும்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. டப்பாவை நீட்டிவிட்டு நகராமல், தனியறை எங்கே இருக்கிறது, அன்று இயலாவிட்டால் என்ன செய்யலாம் என்பவற்றைத் தாழ்ந்த குரலில் விளக்குங்கள். "மனதை லேசாக வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகும்" என்ற ஆறுதலை அறவே தவிர்க்க வேண்டும். சிகிச்சை பலிக்காதபோது, தன் கவலையே அதற்குக் காரணம் என்று அந்தப் பெண் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ள அது வழிவகுக்கும்.

கருவைக் கருப்பையில் வைத்த பின் இரத்தப் பரிசோதனை வரையிலான ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களே மிகக் கடினமானவை. கரு தங்க உதவுவதற்காகத் தரும் புரொஜெஸ்டிரோன் மருந்தே கர்ப்ப அறிகுறி போன்ற மார்பு வலியையும் வயிற்று உப்புசத்தையும் உண்டாக்கக்கூடும் என்பதையும், முட்டை முதிர்வதற்காக எச்சிஜி (கர்ப்பப் பரிசோதனை கண்டறியும் அதே ஹார்மோன்) ஊசி போட்டிருந்தால் வீட்டில் அவசரப்பட்டுச் செய்யும் சோதனை பொய்யான நம்பிக்கையைத் தரலாம் என்பதையும் அன்றே எடுத்துச் சொல்லுங்கள். முடிவை யாரிடம், எந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்றும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பலர் நடுவே அந்த அழைப்பை எடுக்க நேர்ந்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை.

அழைக்கும்போது சுற்றி வளைக்காதீர்கள். நம் குரலின் தயக்கத்திலேயே பதிலைப் புரிந்துகொள்பவரை நலம் விசாரித்துக் காக்கவைப்பது இரக்கமாகாது. "முடிவு வந்துவிட்டது, இந்த முறை கரு தங்கவில்லை, மிகவும் வருந்துகிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பேசும்வரை மௌனமாக இருங்கள். அழுகையைக் கேட்டதும் "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் சங்கடத்தைத் தணித்துக்கொள்ளத்தான். மருந்துகளை நிறுத்துவது குறித்து மருத்துவர் சொன்னதை எழுத்திலும் அனுப்பிவிட்டு, ஓரிரு நாளில் மீண்டும் அழையுங்கள். உறக்கமின்றித் தவிப்பதாகவோ வாழவே பிடிக்கவில்லை என்றோ அவர் சொன்னால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டு, உடனே மருத்துவருக்கும் மனநல ஆலோசகருக்கும் தெரிவிக்க வேண்டும்.

முடிவை யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், இல்லையேல் அடுத்த ஷிப்டில் வரும் செவிலியர் அதே வீட்டுக்கு அழைத்து, "மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா?" என்று உற்சாகமாகக் கேட்டுவிடுவார்.