கசுவோ ஓனோவின் நடனத்தைப் பார்க்கப் பழகும் முறை

வெள்ளை பூசிய முகத்தோடு பழங்காலக் கவுன் அணிந்த ஒரு முதியவர், மேடையில் ஏறக்குறைய அசையாமல் நிற்பதைக் கண்டதும், ஜப்பானிய நடனக் கலைஞர் கசுவோ ஓனோவின் ஒளிப்பதிவை முதன்முறை பார்க்கும் பலர் ஐந்தே நிமிடத்தில் அணைத்துவிடுகிறார்கள். அவரைப் பார்க்கச் சற்றே பழக வேண்டும் என்பது என் அனுபவம்.

முதலில் ‘லா அர்ஹென்தினாவைப் போற்றி’ என்ற படைப்பின் பதிவைத் தேடி எடுங்கள். 1977 நவம்பரில் இது தோக்கியோவில் அரங்கேறியபோது ஓனோவுக்கு வயது 71. பதிவை ஓட்டுவதற்கு முன் இதன் பின்கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். 1929-இல் மாணவராக இருந்த ஓனோ, தோக்கியோ இம்பீரியல் அரங்கின் மூன்றாம் தளத்தில் அமர்ந்து, லா அர்ஹென்தினா எனப் புகழ்பெற்ற ஸ்பானிய நடனக் கலைஞர் அந்தோனியா மெர்சேயின் ஆட்டத்தைக் கண்டு மெய்மறந்தார். பிறகு 1976-இல், ஓவியர் நட்சுயுகி நகானிஷியின் கண்காட்சியில் துத்தநாகத் தகட்டில் தீட்டிய வளைகோடுகளின் முன் நின்றபோது, அந்தப் பெண்மணியே எதிரில் ஆடுவதாக உணர்ந்தார். 47 ஆண்டுகள் ஒரு மனத்துக்குள் கிடந்த ஆட்டத்தைத்தான் நாம் பார்க்கப்போகிறோம்.

பதிவை ஓட்டும்போது கதையைத் தேடாதீர்கள். ஒவ்வொரு முத்திரைக்கும் பொருள் கேட்டுப் பழகிய நமக்கு இது கடினம்தான். கைகளை மட்டும் பாருங்கள். முழங்கை மடிந்திருக்க, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, எதையோ தொடப் போய்த் தொடாமலே நிற்கும். ஓரிடத்தில் அவர் பியானோவின் வளைவில் சாய்ந்தபடி நிற்க, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசை ஒலித்துக்கொண்டிருக்கும். அவரோ அசைவதே இல்லை. அந்தப் பகுதியைத் தயவுசெய்து வேகமாக ஓட்டிவிடாதீர்கள். நிற்பதும் நடனமாக முடியும் என்பதை எனக்கு உணர்த்திய இடம் அது.

இரண்டாம் முறை பார்ப்பதற்கு முன் அவருடைய வாழ்க்கையைப் படியுங்கள். 1906-இல் ஹகோதாதேயில் பிறந்தவர். யோகோஹாமாவில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். 1938-இல் படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவிலும் நியூ கினியாவிலுமாக ஒன்பது ஆண்டுகளைக் கழித்தவர். முதல் தனி நிகழ்ச்சியை 1949-இல், 43-ஆம் வயதில்தான் அவரால் நடத்த முடிந்தது. கப்பலில் தாயகம் திரும்பும் வழியில் இறந்தவர்களைக் கடலில் இறக்கியதை அவர் மறக்கவில்லை. அந்த நினைவிலிருந்து ஜெல்லிமீன் நடனம் ஒன்றை உருவாக்கினார்.

அடுத்து, 1977 படைப்பை இயக்கிய தத்சுமி ஹிஜிகதாவைக் கவனிக்க வேண்டும். ஓனோ ஆடிய புட்டோ என்ற ஜப்பானிய நவீன நடன வகையின் தொடக்கமாகக் கருதப்படும் ஹிஜிகதாவின் 1959 படைப்பில் உடன் ஆடியவர் ஓனோவின் மகன் யோஷிதோ. ஹிஜிகதா ஒவ்வோர் அசைவையும் கட்டி அமைப்பவர், ஓனோ அந்தந்தக் கணத்தில் எழுவதை ஆடுபவர் என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், கட்டு எங்கே இறுகுகிறது, எங்கே நெகிழ்கிறது என்பது பிடிபடத் தொடங்கும்.

கடைசியாக, ஓனோவால் தூண்டப்பட்ட கலைஞர்களிடம் செல்லுங்கள். 1971-இல் ஹிஜிகதா, ஓனோ இருவரிடமும் பயின்ற எய்கோ, கோமா இணையர் பின்னர் அமெரிக்காவில் தங்களுக்கென மிக மெதுவான ஒரு நடனத்தை உருவாக்கினார்கள். பாடகர் அனோனி 2009-இல் வெளியான தம் குழுவின் இசைத்தொகுப்புக்கு ஓனோவின் புகைப்படத்தையே அட்டையாக வைத்தார். நடனக் கலைஞர் தகாவோ கவாகுச்சியோ 2013-இல், ஓனோவை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவராக, ஒளிப்பதிவுகளிலிருந்து அசைவுகளை அப்படியே நகலெடுத்து ஆடினார். ஓனோவின் ஒரு பகுதியையும் கவாகுச்சியின் அதே பகுதியையும் அடுத்தடுத்துப் பாருங்கள்; எதை நகலெடுக்க முடிந்தது, எது கைக்கு எட்டவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு, நிற்க முடியாத முதுமையில் நாற்காலியில் அமர்ந்தபடி கைகளால் மட்டுமே ஓனோ ஆடிய பதிவுகளுக்குத் திரும்புங்கள்.