பால் பொங்குவதற்குள் பத்து பஸ்கி

தினமும் உடற்பயிற்சி செய்யும் பழக்கம் படிய வேண்டுமா? முதலில் அளவைக் குறையுங்கள். ஐம்பது தண்டாலில் தொடங்கி, நான்காம் நாள் சட்டை மாட்டக் கை தூக்க முடியாமல் கைவிட்டவன் நான். இப்போது ஐந்து தண்டால், பத்து பஸ்கி (உட்கார்ந்து எழுவது). உடம்பு கேட்டால் மட்டும் கூடுதல்.

பயிற்சியைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு கட்டுங்கள். எனக்கு அது பால். அடுப்பில் வைத்ததும் சமையலறை வாசலிலேயே பஸ்கி. பொங்குவதற்குள் முடிக்க வேண்டும். (இருமுறை வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்ததும் உடற்பயிற்சிதானே!) தினக்காலண்டர் தாளைக் கிழிப்பது அதற்குப் பிறகுதான். பழைய தேதி தொங்கினால், "இன்றும் செவ்வாய்தானா?" என்று மனைவி கேட்டுவிடுவாள்.

ஒரு நாள் தவறினால் குடிமுழுகாது. 2009-இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், ஒரு பழக்கம் படியச் சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இடையே ஒரு நாள் விட்டது பெரிதாகக் கெடுக்கவில்லை. ஆனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டாதீர்கள், முட்டி பிடித்துக்கொள்ளும். காய்ச்சலென்றால் படுத்துக்கொள்ளுங்கள். வெறும் சோம்பலென்றால், மூன்று பஸ்கியாவது போட்டுவிட்டுத் தாளைக் கிழியுங்கள்.