டிக்நாக் மலைச்சுற்று: ‘ஈசி’ என்ற சொல்லை நம்பிச் செய்யும் தவறுகள்

டப்ளின் நகரத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது டிக்நாக். காட்டுக்குள் தொடங்கி, மரமே இல்லாத மேட்டுநிலத்தில் ஏறி, மறுபடி காட்டு வழியாக இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதை ஒன்று அங்கே உண்டு. அதற்கு ஃபேரி காசில் சுற்று என்று பெயர். சுமார் 5.5 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். உச்சியான டூ ராக் மலையின் உயரம் 536 மீட்டர்தான். கேட்டவர்களெல்லாம் ‘ரொம்ப ஈசி’ என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தச் சொல்லை நம்பிச் செய்பவை.

முதலில் உடை. கார் நிறுத்தும் இடத்தில் வெயில் அடிக்கும். காட்டுக்குள் சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் வரிசையாக, நெருக்கமாக நிற்கும். இது அயர்லாந்து மரமே அல்ல. வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்து நட்டது. அந்த அடர்த்தியில் காற்று நுழையாது, ஏறும்போது வியர்த்துக்கொட்டும். ஜாக்கெட்டை காரிலேயே விட்டது நல்லதாகப் போயிற்று என்று தோன்றும். மரங்கள் முடிகிற இடத்தில் கடல் பக்கத்துக் காற்று நேராக முகத்தில் அறையும்போதுதான் விஷயம் புரியும். உயரத்தால் குறையும் வெப்பம் சில டிகிரிதான். ஈரமான பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தால்தான் உடம்பு நடுங்குகிறது. ஜீன்ஸ் நனைந்தால் வீடு திரும்பும் வரை காயாது. குடை எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: நானும் முதல் தடவை எடுத்துப் போனேன். மேலே போய் விரித்த மறுநிமிடமே அது கம்பியும் துணியுமாகப் பிரிந்து கையில் நின்றது. தலைமூடி வைத்த மழை ஜாக்கெட் போதும்.

அடுத்தது சேறு. எல்லோரும் செய்வதும், நான் அதிகம் எரிச்சல்படுவதும் இதுதான். பாதையில் ஒரு குட்டை தென்பட்டால், ஷூ நனையக் கூடாதென்று ஓரமாகச் சுற்றிப் போகிறோம். மேட்டுநிலத்தில் காலடியில் இருப்பது சாதாரண மண் அல்ல, பீட். ஸ்பேக்னம் என்ற பாசியும் பிற செடிகளும் முழுசாக மக்காமல், நீரில் ஊறியபடி அடுக்கடுக்காகப் படிந்தது. ஓர் ஆண்டில் சேர்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆயிரம் ஆண்டு. அந்தப் பாசி தன் எடையைப் போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துவைக்கும். நாம் ஓரத்தில் மிதித்தால் மேலே இருக்கும் ஹெதர் செடி சாகும், வேர்ப்பிடிப்பு போகும், மழை பீட்டைக் கரைத்துக்கொண்டு போகும். அடுத்து வருபவர் இன்னும் தள்ளி மிதிப்பார். இப்படித்தான் ஓர் ஆள் நடக்கும் பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு விரிகிறது. அதனால் குட்டைக்குள்ளேயே காலை வைத்து நடங்கள். கணுக்கால் மூடிய, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ஷூ போட்டுக்கொண்டால் தயக்கமே வராது.

சைக்கிள் தடங்களிலும் கவனம் வேண்டும். டிக்நாக் காட்டுக்குள் மவுண்டன் பைக்குக்கென்றே வளைந்து வளைந்து போட்ட குறுகிய தடங்கள் உண்டு. குறுக்குவழி மாதிரித் தெரியும், ஏறிவிடாதீர்கள். திருப்பத்தில் வருகிறவருக்கு பிரேக் பிடிக்க இடமிருக்காது.

உச்சியில் கற்குவியல் ஒன்றும் அதன்மேல் நில அளவைத் தூணும் தெரியும். யாரோ மலையேறி வேடிக்கைக்குக் குவித்தது என்று நினைத்து, கல் எடுத்து அடுக்கி விளையாடுகிறார்கள். அது கற்காலத்து ஈமக் கல்லறை. ஒரு கல்லையும் நகர்த்தாமல், வடக்கே டப்ளின் வளைகுடாவையும் ஹௌத் முனையையும் பார்த்துவிட்டு இறங்கலாம்.

பார்க்க முடிந்தால்தான். மூடுபனி பத்தே நிமிடத்தில் வந்துவிடும். அப்போது முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்து நடப்பது பெரிய தவறு. 43 கிலோமீட்டர் நீளமுள்ள டப்ளின் மவுண்டன்ஸ் வே என்ற நடைபாதையும் இதே மலைமேல்தான் போகிறது. அவர் அந்த வழியில் அதன் ஒரு கடைசியான டாலா என்ற ஊர் வரை போகிறவராக இருக்கலாம். புறப்படும் இடத்துப் பலகையில் உங்கள் சுற்றுக்கான அம்புக்குறியின் நிறத்தைப் பார்த்துவைத்து, வரைபடத்தை போனில் இறக்கிக்கொள்ளுங்கள். நிஜமாகவே வழி தவறினாலோ கால் பிசகினாலோ 112-ஐ அழைத்து, மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேட்க வேண்டும்.

ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அதே பழக்கத்தில் டிசம்பரில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் ஆபத்து. நான்கு மணி தாண்டியதும் சூரியன் போய்விடும், காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டும். அப்புறம் கார் நிறுத்துமிடத்து கேட் பூட்டும் நேரம், அதுவும் பலகையில் எழுதியிருக்கும்.

நாயைக் கயிற்றில்தான் கூட்டிப்போக வேண்டும். வானம்பாடி போன்றவை இங்கே தரையிலேயே கூடு கட்டுகின்றன. ஜூலை கடைசியில் ஹெதருக்கு நடுவே கருநீலமாக ஒரு சின்னப் பழம் பழுக்கும். உள்ளூரில் ஃப்ராஹன் என்பார்கள். நன்றாகத் தெரிந்தவர் காட்டித் தந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

பழம் பறிக்கச் செடிக்குள் நுழைந்தால் உண்ணி ஏறும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் தேடிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் படர்ந்தால், லைம் நோயாக இருக்கலாம். டாக்டரிடம் போய், எந்த மலையில் எப்போது நடந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.