கடல்காற்றிலும் செர்ரி கெடாமல் இருக்க

காஷ்மீர், இமாச்சல் செர்ரி கோடையில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும், அதுவும் ராயபுரத்து ஈரக்காற்றில் வெளியே வைத்தால் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும். இப்போது எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போதே காம்பைப் பாருங்கள், பச்சையாக, வளைத்தால் ஒடியாமல் இருந்தால் புதுசு. பறித்தபின் செர்ரி மேற்கொண்டு பழுக்காது, அதனால் வெளிறியதை ‘வீட்டில் வைத்தால் பழுத்துடும்கா’ என்று யார் சொன்னாலும் வாங்க வேண்டாம். கொண்டுவந்ததும் கழுவவே கூடாது, முக்கியமே அதுதான். நசுங்கியது, வெடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியைக் காம்போடு, பருத்தித் துணி விரித்த அகலமான டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன், துணி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. காசிமேட்டு மீன் பக்கத்தில் மட்டும் வேண்டாம், வாடை ஏறிவிடும். சாப்பிடும்போது கழுவினால் போதும். மிருதுவாகிப்போனதைக் கொட்டை நீக்கி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சப்பாத்திக்கு அருமையாக இருக்கும்.