கியர்பொக்ஸ் ஒயில் ஸ்ட்ரோபெரி ஐஸ்கிரீம் மாதிரி வந்திட்டுதோ? திரும்ப ஸ்டார்ட் பண்ணாதேங்கோ

போன வருசம் நல்லூர்த் திருவிழா மூட்டம் சித்தப்பான்ர ஓட்டோ கியர் வான் 60, 70இல போகேக்க உதறத் தொடங்கிச்சுது, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாத்தா கோயிலடி ஐஸ்கிரீம் உருகிக் கிடக்கிற மாதிரி ரோஸ் நிறத்தில ஒயில். ஒரு கராச்சில "ஒயிலை மாத்தினாச் சரி" எண்டு சொல்ல மனுசனும் மாத்திப்போட்டு ரெண்டு கிழமை ஓடினார், பேந்து பொக்ஸே போச்சு.

விசயம் இதுதான். கனக்க ஓட்டோ கியர் வாகனங்களில ரேடியேற்றர் தாங்கிக்குள்ளயே கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிராக்கிற சின்னக் கூலர் ஒண்டு இருக்கு. உள்ளுக்க ஒயில், வெளியில கூலன்ற் (ரேடியேற்றருக்க ஓடுற தண்ணிக் கலவை), நடுவில மெல்லிய உலோகச் சுவர் மட்டும். அதில ஓட்டை விழுந்தா ஓடேக்க ஒயில் கூலன்றுக்க போகும், எஞ்சினை நிப்பாட்டின பிறகு ஒயில் பிரஷர் விழுந்திடும் ஆனா ரேடியேற்றர் சூட்டில பிரஷரோட நிக்கும், அப்ப கூலன்ற் ஒயிலுக்க வரும். பொக்ஸுக்குள்ள இருக்கிற கிளச் பிளேட்டில ஒட்டியிருக்கிறது ஒரு வகைக் கடதாசி லைனிங். தண்ணியில அது ஊறும், கூலன்றில இருக்கிற கிளைக்கோல் பசையை விடப்பண்ணும். அதாலதான் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கணக்கு இருக்கு எண்டு சொல்லுறது.

முதல்ல ரெண்டு பக்கத்தையும் பாருங்கோ. கியர்பொக்ஸ் ஒயில் பால்மாதிரி, லெவலும் கூடியிருக்கு, ரேடியேற்றர் ரிசேர்வ் போத்தலுக்க ரோஸ் இல்லாட்டி மண்ணிறக் களி, எஞ்சின் ஒயில் மட்டும் சுத்தம் எண்டால் கூலரைத்தான் சந்தேகப்பட வேணும். எஞ்சின் ஒயிலும் மயோனீஸ் மாதிரி எண்டால் அது ஹெட் கஸ்கெற், அல்லது எஞ்சின் ஒயில் கூலர், வேற கதை. மாரி வெள்ளத்துக்குள்ள விட்டு ஓடின வாகனமெண்டால் பிறீதரால, அதாவது பொக்ஸின்ர காத்துத் துவாரத்தால, தண்ணி பூந்தும் ஒயில் வெளுக்கும், அப்ப ரிசேர்வ் போத்தல் சுத்தமா இருக்கும். சில வாகனங்களில கூலர் ரேடியேற்றருக்க இல்லை, பொக்ஸிலயே பூட்டிக் கூலன்ற் ஹோஸ் போகும், அதுக்கு ரேடியேற்றரை மாத்திப் பிரயோசனமில்லை.

உறுதிப்படுத்திறது சுகம். எஞ்சின் நல்லா ஆறின பிறகு பொக்ஸில இருந்து வாற ரெண்டு கூலர் லைனையும் ரேடியேற்றர் பக்கத்தில கழட்டுங்கோ, ரேடியேற்றர் மூடி வாயில பிரஷர் ரெஸ்ரரைப் பூட்டி மூடியில எழுதியிருக்கிற அளவுக்கு மட்டும் பம்ப் பண்ணி ஒரு அரை மணித்தியாலம் விடுங்கோ. கூலர் வாயால கூலன்ற் சொட்டினா வேற சாட்சி தேவையில்லை. கராச்சுக்குக் கொண்டு போறதெண்டா கயிறு கட்டி இழுக்காதேங்கோ, எஞ்சின் ஓடாட்டி பொக்ஸ் பம்பும் ஓடாது, உள்ளுக்க ஒயில் போகாது. லொறியில ஏத்துறதுதான் நல்லது.

ரேடியேற்றரை ஒட்டுப்போட்டு ஓட்டப் பாக்காதேங்கோ, மாத்துங்கோ. பழைய சாமான் கடையில எடுக்கிறதெண்டா கூலருக்குக் காத்தடிச்சுத் தண்ணிக்க தாட்டுப் பாத்துத்தான் காசைக் குடுங்கோ. இலங்கையில 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இலதான் திறந்தவை, அதால எங்கட ரோட்டில ஓடுறதில கனக்க வயசு போன ரேடியேற்றர், கழட்டி விக்கிறதும் அதே வயசுதான். வெளியில தனிக் கூலர் பூட்டி உள் கூலரை விட்டுவிடுறதும் நல்ல வழி, என்ர விருப்பம் அதுதான்.

பிறகு பொக்ஸ். அடியில இருக்கிற ஒயில் பானை (pan) கழட்டி ஃபில்ரரை மாத்தி அதுக்க இருக்கிற காந்தத்தைத் துடையுங்கோ. ஒருக்கா வடிக்க எல்லாம் வராது, எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில இருக்கிற கொன்வேர்ட்டருக்க கனக்க நிக்கும். 8 லீற்றர் பிடிக்கிற பொக்ஸில 4 வடியுதெண்டால் முதல்தரம் பழசு 50 வீதம் மிச்சம், பிறகு 25, பிறகு 12.5, நாலாந்தரம்தான் 6க்கு வரும். ஒவ்வொருதரமும் வடிச்ச அளவுக்குப் புது ஒயில் விட்டு, எஞ்சினை ஐடிலில கொஞ்சம் ஓடவிட்டு எல்லாக் கியரும் போட்டெடுக்க வேணும். வாகனப் புத்தகத்தில போட்டிருக்கிற ஒயிலையே வாங்குங்கோ, சிவிடி (பெல்ட்டில ஓடுற ஓட்டோ பொக்ஸ்) எண்டால் அதுக்குரிய ஒயில்தான், கண்டதை ஊத்தாதேங்கோ. கண்ட உடன நிப்பாட்டின வாகனம் இதோட தப்பலாம். நாள்கணக்கில ஓடி வழுக்கத் தொடங்கினதுக்கு ஒயில் மாத்திறது காசைக் கிணத்துக்க போடுற மாதிரி, பிளேட்டும் கொன்வேர்ட்டரும் மாத்தி ஓவர்ஹோல், இல்லாட்டி வேற பொக்ஸ்.

கூலன்ற் பக்கமும் கழுவ வேணும். ரேடியேற்றர் கிளீனர் போட்டு, களி போகும்மட்டும் திரும்பத் திரும்ப. ஒயில் பட்டு ஊதி மெதுமெதுத்துப் போன ஹோஸுகளையும் தேமோஸ்ரற்றையும் மாத்துங்கோ. கழுவக் கிணத்துத் தண்ணி காணும், கடைசி அலசலும் கூலன்ற் கலக்கிறதும் காய்ச்சி வடிச்ச தண்ணியில. எங்கட சுண்ணக்கல்லுத் தண்ணி கேத்தில் அடியில வெள்ளையாப் படியிறதைப் பாக்கிறீங்கள்தானே, சித்தப்பா 6 வருசமா அதைத்தான் ஊத்தினவர். வடிச்ச கழிவை வளவுக்க ஊத்தாதேங்கோ, சுன்னாகத்தில கிணத்துக்க ஒயில் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். கூலன்ற் இனிக்கும், நாய் நக்கினாச் செத்தும் போகலாம்.

எல்லாம் பூட்டின பிறகு முதல் கிழமை ஒவ்வொரு நாள் காலமையும் டிப்ஸ்டிக்கையும் ரிசேர்வ் போத்தலையும் பாருங்கோ, திரும்ப வெளுத்தா அண்டைக்கே நிப்பாட்டுங்கோ.