கடைசி இரண்டு நிமிடம்: விதியை மாற்றச் சொல்லும் முன்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கடைசி இரண்டு நிமிடம் சில நாள் இருபது நிமிடம் ஓடும். பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் (விதிமீறல்) செய்யும், எதிரணி அதற்குப் பதிலாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை, யாரும் மறிக்காத எறிதலை, போடும், பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்பார், நடுவர் வீடியோ பார்க்கப் போவார். பார்க்கிற நமக்குக் கோபம் வரும். விதியை மாற்று என்போம்.

இவை எல்லாவற்றையும் ஒரே நோயாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. பலரும் சொல்லும் மருந்து, நிக் ஈலம் யோசித்த 'ஈலம் முடிவு'. டிபிடி (தி பாஸ்கெட்பால் டோர்னமென்ட்) என்ற அமெரிக்கத் தொடர் இதை 2017இல் சில ஆட்டங்களிலும் 2018இல் எல்லா ஆட்டங்களிலும் வைத்துப் பார்த்தது. கடைசி நான்கு நிமிடத்துக்குள் ஆட்டம் முதலில் நிற்கும்போது கடிகாரத்தை அணைத்துவிடுவார்கள். முன்னணி அணியின் புள்ளியோடு 8 கூட்டினால் இலக்கு. 70-64 என்றால், 78ஐ முதலில் தொடுபவருக்கு வெற்றி. மிச்சம் பிடிக்க நேரமே இல்லாதபோது ஃபவுல் செய்து என்ன லாபம்? எதிரியை இலக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவதுதான் மிச்சம். ஆனால் நடுவர் வீடியோ பார்க்கும் நேரத்தை இந்த மருந்து தொடாது. அதற்கு வேறு விதி வேண்டும்.

'இனி ஃப்ரீ த்ரோவில் ஆட்டம் முடியாது' என்பதும் தப்பு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் 2020 ஆல்-ஸ்டார் (நட்சத்திர வீரர்கள்) ஆட்டம் இதே பாணியில் நடந்தது. 157-155 என்று முடித்து வைத்தது ஆன்டனி டேவிஸ் போட்ட ஃப்ரீ த்ரோ.

வேண்டுமென்றே செய்யும் ஃபவுலைக் கோழைத்தனம் என்று தள்ளுகிறவர்கள் 1983 கல்லூரி இறுதிப்போட்டியைப் பார்க்க வேண்டும். ஹூஸ்டன் ஃப்ரீ த்ரோவில் சொதப்பும் என்று தெரிந்தே, 52-52 என்று சமமாக இருந்தபோதும் வட கரோலினா ஸ்டேட் ஃபவுல் செய்தது. ஆல்வின் ஃபிராங்க்ளின் தவறவிட்டார். கடைசி நொடியில் லோரன்சோ சார்ல்ஸ் பந்தைக் கூடைக்குள் திணிக்க, 54-52. அந்த ஃபவுல் இல்லாமல் அந்தக் கதையே இல்லை.

ஆண்கள், பெண்கள் விதிகளைக் குழப்பிக்கொண்டு பேசுபவர்களும் உண்டு. ஆண்களுக்கு 20 நிமிடப் பாதிகள். முதல் ஃப்ரீ த்ரோ உள்ளே போனால்தான் இரண்டாவது என்ற விதியும் அவர்களுக்குத்தான். பெண்கள் 2015-16 முதல் பத்து நிமிடக் கால்பகுதிகளாக ஆடுகிறார்கள்.

மாற்றத்தை ஆதரிப்பவர்கள் இழப்பை மறைக்கக் கூடாது. 2016 கல்லூரி இறுதிப்போட்டியில் கிரிஸ் ஜென்கின்ஸ் கையை விட்டுப் பந்து பறக்க, மணி அடிக்க, வில்லனோவா 77-74 என்று வென்றதே, அது கடிகாரம் கொடுத்த வரம். என்னைக் கேட்டால் ஈலம் முறையை, ஆட்டம் சமமானால் ஆடும் கூடுதல் நேரத்தில் மட்டும் முதலில் முயன்று பார்க்கலாம். என்பிஏ-வின் இளநிலைத் தொடரான ஜி லீக் 2022-23 முதல் அப்படித்தான் செய்கிறது: கூடுதல் நேரத்தில் முதலில் 7 புள்ளி எடுப்பவருக்கு ஆட்டம்.