நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? லைன்மேனைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

"நெட் ரொம்ப ஸ்லோ" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, ரவுட்டர் பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறதா என்பதுதான். அடுத்த கேள்வி, பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரைக்கும் கடலோர ஊர்களில் லைன் பார்க்கிறவன் நான். கேபிள் டிவி காலத்தில் கம்பம் ஏற ஆரம்பித்தேன், இப்போது பைபர் என்கிற கண்ணாடி இழை ஒயரை ஒட்டுகிறேன். இந்தப் பக்கம் நெட் இழுத்தால் உடனே பெரிய பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். அதில் பலருக்கும் பணம் போனதுதான் மிச்சம். 50 எம்பிபிஎஸ் வீட்டுக்குள் சரியாக வராத இடத்தில் 200 மட்டும் எப்படி வரும்?

கோளாறு மூன்று இடத்தில் ஏதாவது ஒன்றில் இருக்கும்: பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நடுவில், பெட்டிக்கும் தெருக் கம்பத்துக்கும் நடுவில், அல்லது அதற்கும் அப்பால். எது என்று தெரியாமல் ரவுட்டர் வாங்காதீர்கள், பிளான் மாற்றாதீர்கள்.

லேப்டாப் இருந்தால் லேன் ஒயரைப் பெட்டியில் நேரடியாகச் செருகி, வைபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். லேன் ஒயர் இல்லையென்றால் பெட்டிக்கு எதிரே நான்கடி தள்ளி நின்று 5 ஜிகாஹெர்ட்ஸ் வைபையில் போடுங்கள் (பல பெட்டிகள் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையில் வைபை தரும், 5 வேகமானது). மற்ற போன், டிவி எல்லாம் அப்போது நெட்டில் இருக்கக் கூடாது. பிளானில் சொன்ன வேகம் வந்தால் எங்களைக் கூப்பிட வேண்டாம், சிக்கல் உங்கள் வீட்டு வைபையில். ஒயரிலும் வரவில்லை என்றால்தான் லைனைப் பார்க்க வேண்டும். ஒரு விஷயம்: 200 எம்பிபிஎஸ் பிளானில் ஒயர் வழியாகச் சரியாக 94, 95-லேயே நின்றால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டியின் போர்ட் 100 வரைக்கும்தான் கொடுக்கும், அல்லது லேன் ஒயரின் எட்டு கம்பியில் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. அப்புறம், எம்பிபிஎஸ் வேறு, டவுன்லோடில் காட்டும் எம்பி வேறு. முதலாவது மெகாபிட், இரண்டாவது மெகாபைட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு நொடிக்கு 12.5 எம்பி இறங்கினால் அதுவே முழு வேகம். இது தெரியாமல் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

முதலில் வைபை. கீழக்கரைப் பக்கம் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரில் ஒன்றைத் தாண்டினாலே பெரிது. 2.4 தாண்டும், ஆனால் வேகம் குறைவு, தெருவில் இருக்கிற எல்லா வீட்டுச் சிக்னலும் அதிலேயே முட்டிக்கொள்ளும். அங்கே ஒரு வீட்டில் சவுதியில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசும்போதெல்லாம் முகம் அப்படியே நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பெட்டி இரும்பு பீரோவின் மேல் தட்டில், பூட்டிய கதவுக்கு உள்ளே. "வெளிய வச்சா பிள்ளைக பட்டன நோண்டுதுக தம்பி" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதும் நியாயம்தான். முற்றத்தைப் பார்த்த சுவரில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். முற்றம் உள்ள வீடுகளுக்கு அதுதான் நல்ல இடம். சிக்னல் திறந்த வெளி வழியாக நாலு அறைக்கும் போகும். பீரோ, கண்ணாடி அலமாரி, பிரிட்ஜ், தகரத் தடுப்பு ஆகியவற்றின் பின்னால் மட்டும் வைக்காதீர்கள்.

2.4 அலைவரிசையில் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வையுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் அடித்தால் இதை மாற்றும் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். மாடி வீடு என்றால் மேலே ஒரு லேன் ஒயர் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பதுதான் சரியான வழி. ஒயர் இல்லாமல் செருகும் ரிப்பீட்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. பாதி உயிரோடு வரும் சிக்னலை வாங்கி அது எதைத் திருப்பி அனுப்பும்?

இனி இந்தக் கரைக்கே உரிய தொல்லை, உப்பு. கண்ணாடி இழையை உப்பு ஒன்றும் செய்யாது. அதைச் சுற்றியுள்ள இரும்பு, செம்பு, பித்தளை எல்லாவற்றையும் தின்றுவிடும். திடீர் திடீரென்று பெட்டி அணைந்து எரிகிறது என்றால் முதலில் அடாப்டர் பின்னைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பவரை நிறுத்திவிட்டு, செல்போன் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும். கத்தியால் சுரண்டினால் மேல்பூச்சு போய், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். லேன் ஒயரின் முனை கறுத்திருந்தால் துடைக்காதீர்கள், வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள். அடாப்டர் மாற்றினால் பெட்டியின் அடியில் எழுதிய வோல்ட்தான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். பல பெட்டிகளுக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர். ஆம்பியர் குறைந்த அடாப்டரில் லைட் எல்லாம் எரியும், நாலு பேர் ஒன்றாக வீடியோ பார்த்தால் பெட்டி படுத்துவிடும். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் இருக்கும் வீடுகளில் ஜன்னலோரம் பெட்டி வைப்பதை நான் விடுவதே இல்லை. கடல் காற்று நேராக அடிக்காத உள்சுவர்தான்.

மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊர் என்றால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். கரண்ட் வந்து போகும்போதெல்லாம் பெட்டி மறுபடி கிளம்பி லைனில் சேர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், அதைத்தான் பலர் "நெட் கட்டாகுது" என்கிறார்கள்.

அடுத்தது கம்பம் வரைக்கும். பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய லைட் சிவப்பாக எரிந்தாலோ மினுங்கினாலோ ஒளியே வரவில்லை என்று அர்த்தம். பத்து முறை அணைத்துப் போட்டாலும் வராது. வாசலுக்குப் போய் ஒயரைக் கண்ணால் பின்தொடருங்கள். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பனைமட்டைதான் எங்கள் முதல் எதிரி. ஓலை உரசினால் பரவாயில்லை. மட்டை ஓரத்துக் கருக்கு ரம்பம் போல ஒயரின் தோலை அறுத்துவிடும். தோல் போனால் உள்ளே தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒயர் தொய்ந்து அறும். ஒயர் போகும் வழியில் இருக்கும் காய்ந்த மட்டையைக் காற்றுக்காலம் வரும் முன்பே வெட்டிவிடச் சொல்லுங்கள். கரண்ட் கம்பி பக்கத்தில் போகிறது என்றால் நீங்கள் தொரட்டிக் கம்பைத் தூக்க வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் பைபர் ஒயரை ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்களா, கதவிடுக்கில் நசுங்குகிறதா, சுருட்டிக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வளைவு ஒரு டம்ளர் வாயைவிடச் சிறியதாக இருந்தால் ஒளி கசியும். பச்சைக் கனெக்டர் பச்சையில்தான் போக வேண்டும், நீலத்தில் திணித்தால் ஒளி பாழாகும். அதைச் சும்மா சும்மா கழற்றாதீர்கள், முனையை விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஒளி எவ்வளவு வருகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். அதே 192.168.1.1 பக்கத்தில் பான் (PON) அல்லது ஆப்டிகல் (Optical) என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் (Rx Power) என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18, 20 என்றால் அருமையான லைன். மைனஸ் 25-ஐத் தாண்டினால் நூலில் தொங்குகிறது, 27-க்கு அப்பால் பெட்டி கைவிட்டுவிடும். மைனஸ் என்பதால் எண் கூடக்கூட ஒளி குறைவு, இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளாதீர்கள். நல்ல நாளில் இந்த எண்ணை எழுதி வைத்திருங்கள். புகார் சொல்லும்போது "நெட் ஸ்லோ" என்பதற்குப் பதில் "மைனஸ் 20 இருந்தது, இப்போது 26" என்று சொன்னால், வருகிறவன் ஒட்டு போடும் மெஷினை எடுத்துக்கொண்டே வருவான். கையால் மாட்டும் பாஸ்ட் கனெக்டர் வேண்டாம், மெஷினில் உருக்கி ஒட்டும் ஸ்பிளைஸ் போட்டுத் தாருங்கள் என்றும் கேளுங்கள். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இடத்தில் பாஸ்ட் கனெக்டர் தளர்ந்துவிடுகிறது.

எண் நன்றாக இருக்கிறது, ஒயரிலும் வேகம் இல்லை என்றால் கோளாறு எங்கள் பக்கம். விடியற்காலை 5 மணிக்கு ஒரு டெஸ்ட், இரவு 9 மணிக்கு ஒரு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். ஜிபான் (ஒரே பைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) லைன் ஒன்றில் டவுன்லோடு பக்கம் மொத்தம் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், அதைத் தெருவில் 32, 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆபரேட்டர் மேலிருந்து வாங்கும் அளவு குறைவாக இருந்தால் இன்னும் நெருக்கடி. காலையில் முழு வேகம், இரவில் கால்வாசி என்றால் அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். வேகம் மாதக் கடைசியில் மட்டும் விழுந்தால் டேட்டா வரம்பைப் பாருங்கள். பல "அன்லிமிடெட்" பிளான்களில் மாதம் 3,300 ஜிபிக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

வீடியோ கால் மட்டும் வெட்டுகிறது, யூடியூப் ஓடுகிறது என்பவர்கள் லேப்டாப்பில் பிங் போட்டுப் பாருங்கள், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் 192.168.1.1-க்கு, அப்புறம் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. பெட்டியிடமிருந்தே பதில் விட்டு விட்டு வந்தால் கோளாறு வைபையில். பெட்டி ஒழுங்காகப் பதில் சொல்லி 8.8.8.8 மட்டும் தவறினால் லைன்.

கடைசியாக, பைபர் போகாத இடங்களில் சிம் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு. இந்தக் கரையில் ஒரு காலத்தில் ஆன்டெனாவைத் திருப்பினால் இலங்கை டிவியான ரூபவாஹினி தெளிவாக வரும். கடல் மேல் தடையில்லாமல் அலை அவ்வளவு தூரம் வரும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இப்போதும் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், நெட் நின்றுவிடும். சிம் ரவுட்டரிலும் போனிலும் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் கம்பெனியின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள், டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். ரவுட்டரைக் கடல் பார்த்த ஜன்னலில் வைக்காமல், உங்கள் ஊர் டவர் இருக்கும் திசைச் சுவரில் வையுங்கள்.